காட்டைத் தின்ற திருடன்

முன்னொரு காலத்தில், இன்று பெயர்கூட மிஞ்சாத ஒரு நாட்டில், ராஜா வேட்டைக்குப் போனார். போன இடத்தில் காட்டைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டிய அடிமரங்கள்தான் நின்றன.

கொதித்துப்போய்த் திரும்பியவர் சபையில் கேட்டார்: "என் காட்டைத் தின்றவன் யார்?"

அரண்மனை விறகைச் சேர்த்துவைக்கும் கொட்டாரத்தின் அதிகாரி சேனாதிராயர் சட்டென்று எழுந்தார். "குயவர்கள்தான், மகாராஜா. அவர்கள் சூளை அணைந்து யார் பார்த்தது?"

அன்றைக்கே குயவர் தெரு முழுவதும் சிறைக்குப் போனது.

விகடகவி மருதப்பனுக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, குயவர்கள் எரிப்பது ஓலையும் சருகும். திருடன் வேறு எவனோ" என்று சொல்லிவிட்டான்.

சேனாதிராயருக்கு அவன் மேல் வெகுநாள் பொறாமை. "அப்படியானால் விகடகவியே திருடனைப் பிடித்துத் தரட்டும். தவறினால் குயவர்களோடு அவனையும் நாடு கடத்திவிடலாம்" என்றார்.

ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். "எவனானாலும் சரி, எங்கே ஒளிந்திருந்தாலும் சரி, பௌர்ணமிக்குள் கட்டி இழுத்து வா."

மறுநாள் மருதப்பன் விறகு வண்டிகளின் பின்னாலேயே நடந்தான். வண்டிகள் குயவர் தெருவைக் கடந்தன, கடைவீதியைக் கடந்தன, அரண்மனையின் பின்வாசலுக்குள் நுழைந்தன. உள்ளே ராஜாவின் குளியலறைக்குப் பக்கத்தில், மூடிகூட இல்லாத ஒரு பெரிய அண்டாவில் வெந்நீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"எப்போதும் இப்படித்தான் எரியுமா?"

"என்ன பண்றது சாமி? ராசா எப்ப குளிக்க வருவாருன்னு யாருக்குத் தெரியும்? ஆறிப்போச்சுன்னா என் தோலை உரிச்சிருவாங்க" என்றான் அடுப்பெரிப்பவன். "பாதி நாள் அவரு வர்றதே இல்ல."

திருடன் கிடைத்துவிட்டான். வெளியே சொன்னால் ராஜாவையே குற்றம் சொன்னதாகும், தலை தப்பாது. சிறைவாசலுக்குப் போனால், வெள்ளையம்மாள் என்ற குயத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆளு ஆப்புட்டானா சாமி?" என்றாள். மருதப்பனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டில் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

பௌர்ணமியன்று, முத்திரை மோதிரத்தைக் காட்டி ஆட்களைக் கூட்டினான். கரி படிந்த அந்த அண்டா, கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டு, கடகடவென்று சபைக்குள் இழுத்து வரப்பட்டது.

"ராஜத்துரோகம்!" என்று கத்தினார் சேனாதிராயர்.

மருதப்பன் மோதிரத்தைத் திருப்பி நீட்டினான். "ஆணைப்படி கட்டி இழுத்து வந்தேன், மகாராஜா. காட்டைத் தின்றவன் இவன்தான்."

ராஜாவின் புருவம் நெரிந்தது. "இவனுக்குத் தீனி போட்டது யார்?"

"விறகு அனுப்பியவர் சேனாதிராயர். யாருக்காக அனுப்பினார் என்பதை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம்."

சேனாதிராயர் வாயைத் திறந்தார், மூடினார். ராஜா பேர் சொன்னால் ராஜத்துரோகம். தன் பேர் சொன்னால் திருட்டு. ராஜா இறங்கி வந்து அண்டாவைச் சுற்றிப் பார்த்தார்.

"இவனுக்கு என்ன தண்டனை?" குரல் தணிந்திருந்தது.

"தினமும் மொட்டைமாடியில், மூடி போட்டு, உச்சிவெயிலில் நிறுத்த வேண்டும். கறுத்த உடம்பு, சூடு தானாக ஏறிவிடும்."

"அதுவரை நான் குளிக்காமல் இருப்பதா?"

"கூட்டாளிக்கும் கொஞ்சம் தண்டனை வேண்டாமா, மகாராஜா?"

சொன்ன பிறகுதான் மருதப்பனுக்குத் தான் சொன்னது உறைத்தது.

ராஜா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டு, "இன்னும் கேள்" என்றார்.

"குயவர்களை விடுங்கள். இனி காலியாகக் கிடக்கப்போகும் விறகுக் கொட்டாரத்தை அவர்களுக்குக் கொடுங்கள்."

கொட்டாரத்தில் குயவர்கள் கொடியடுப்பு செய்தார்கள். ஒரே தீயில் இரண்டு பானை வேகும் அடுப்பு. வீட்டுக்காரர்களும் சோற்றுக்கடைக்காரர்களும் வந்து வாங்கிப்போனார்கள். ராஜாவின் தண்டனைப்படி சேனாதிராயர் அடிமரங்களுக்கு நடுவே கன்று நட்டுத் தண்ணீர் சுமந்தார்.

வெள்ளையம்மாள் முதல் அடுப்பைத் தானே தூக்கிவந்து மருதப்பன் வீட்டில் பதித்தாள். வெகுநாள் கழித்து அவன் வயிறாரச் சாப்பிட்ட சோறு அதில் வெந்ததுதான்.