முந்திக்கொண்ட கடிகாரம்

சிரிப்பு வரும். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இப்போதைக்கு மாசிலாமணி பயங்கரக் கோபத்தில் இருக்கிறார்.

மலை மேல் ஆசிரமத்தில் மணி அடிப்பவர் அவர்தான். சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் அடிப்பார்.

"அம்மா, இந்த அஞ்சுகத்தை அனுப்பிடுங்க" என்று குருவின் முன் வந்து நின்றார். குருவைவிட அவர் வயதில் மூத்தவர்.

"என்ன செஞ்சா?"

"பகலெல்லாம் கையில கடிகாரம் ஒழுங்கா ஓடுது. ராத்திரி கழற்றி வச்சா, காலையில ரேடியோவைவிட ஒரு நிமிஷம் முந்தி நிக்குது. தினமும். இவதான் திருகுறா."

அஞ்சுகத்துக்குப் பதினாறு வயது. குயில், பஸ் கண்டக்டர், மாசிலாமணியின் தும்மல், எதையும் அப்படியே எடுத்துவிடுவாள். போன மாதம் ஜன்னலுக்கு வெளியே நின்று ரேடியோவின் நேரச் சத்தத்தைப் போட்டு, மத்தியானச் சோற்றை முன்னாலேயே வாங்கித் தின்றவள்.

ஆனால் கடிகாரத்தை அவள் தொடவில்லை. அனுப்பிவிட்டால் போக இடமும் இல்லை. அதைவிட வயிற்றெரிச்சல், இவ்வளவு அருமையான குறும்பு தனக்குத் தோன்றாமல் போனது.

"நான் இல்லம்மா."

குரு ஒரு பெட்டியைக் காட்டினார். "உள்ள வச்சுப் பூட்டுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

காலையில் கடிகாரம் முந்தியிருந்தது.

"கம்பி போட்டுத் திறந்திருக்கா."

அன்று ராத்திரி அஞ்சுகத்தை அடிவாரத்தில், தபால்காரர் வீட்டில் தங்க வைத்தார்கள்.

காலையில் முந்தியிருந்தது.

"ஏறி வந்திருக்கா. இருட்டுல புலி மாதிரி உறுமினா யாரும்மா மறிப்பாங்க?"

அஞ்சுகத்துக்குத் தன்மேலேயே மரியாதை வந்துவிட்டது.

"இன்னிக்கு ஒரு ராத்திரி பார்ப்போம்" என்றார் குரு. "நாளைக்கும் முந்தினா, அவ கிளம்பட்டும்."

கடிகாரத்தை அவரே வாங்கினார். ஒரு பாத்திரம் நிறைய அரிசியை எடுத்து, அதில் விளிம்பு புதைய நிமிர்த்தி நிறுத்தினார். பூட்டில்லை. பக்கத்திலேயே பாய் விரித்து அஞ்சுகத்தைப் படுக்கச் சொன்னார்.

காலையில் அவள் மூட்டையைக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டுதான் நின்றாள். ரேடியோ நேரம் சொன்னது. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

கடிகாரம் மிகச் சரியாக இருந்தது.

"பயந்துட்டா" என்றார் மாசிலாமணி.

குரு அவருடைய கையைப் பிடித்து, பக்கவாட்டில் தொங்க விட்டார். மணிக்கட்டைத் தொட்டு, "பகல்ல கடிகாரம் இங்க நிமிர்ந்துதான் நிக்குது" என்றார். பிறகு அரிசியில் நிமிர்ந்து நின்ற கடிகாரத்தைத் தொட்டார்.

அப்புறம் அதை எடுத்து, முகம் மேலே பார்க்க, பெட்டிமேல் படுக்க வைத்தார்.

"தினமும் இப்படித்தானே வைப்பீங்க?"

"ஆமா. பத்திரமா, மல்லாக்க."

"உள்ள ஒரு சக்கரம் ஆடிக்கிட்டே இருக்கு. நிமிர்ந்து நின்னா ஒரு மாதிரி ஆடும். படுத்தா கொஞ்சம் வேகமா ஆடும்."

"அது சரிம்மா. திருகினது யாரு?"

குரு விரலை நீட்டித் தரையைக் காட்டினார். "எல்லாத்தையும் கீழ இழுக்குதே, இந்தப் பூமி."

அஞ்சுகம் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். மாசிலாமணியின் குரல் அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது.

"அம்மா, இந்தப் பூமியை அனுப்பிடுங்க."

மாசிலாமணி தரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்போ தினமும் அதைப் படுக்க வச்சது..."

தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்."