கரையில் கொட்டிய பாசி

குருவுக்கு நாற்பது வயது. சீடர் மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. அதனால் குரு அவரைப் பெரியவரே என்றுதான் கூப்பிடுவார்.

மடம் என்று சொன்னாலும் அது ஒரு ஓட்டு வீடுதான். கொல்லையில் ஒரு சின்னக் குளம். அன்று காலை மாசிலாமணியின் அண்ணன் தெய்வசிகாமணி வாசலில் வந்து நின்றார். மாசிலாமணி எட்டிப் பார்த்தார். உட்காரச் சொல்லாமல் கொல்லைக்கு வந்துவிட்டார்.

"யாரு வந்திருக்கறது?" என்றார் குரு.

"எங்க அண்ணன், சாமி. இருக்கட்டும். அப்பாவுக்குக் கொள்ளி வெச்சப்ப எனக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கலை அவன். அப்பா முகத்தைக்கூட நான் பார்க்கலை. பதினாறு வருசமாச்சு. இப்ப அவன் காத்திருக்கட்டும்."

"எதுவரைக்கும்?"

"ரெண்டு மணி பஸ் வரைக்கும். அதை விட்டா அவன் ஊருக்குப் பஸ் இல்லை. தானாப் போயிடுவான்."

குரு தலையாட்டினார்.

"அவனை மனசுல இருந்து முழுசா எடுத்துப் போட்டுட்டேன், சாமி. ஆனாலும் கண்ணை மூடினா அமைதி வரலையே. ஏன்?"

குரு குளத்தைக் காட்டினார். தண்ணீரே தெரியாமல் நூல்பாசி படர்ந்திருந்தது.

"முதல்ல இதை எடுங்க."

மாசிலாமணி சொரசொரப்பான மூங்கில் கழியை உள்ளே விட்டுத் திருகினார். பாசி கழியில் சுற்றிக்கொண்டு பச்சைச் சடையாக வந்தது. உருவி உருவிக் கூடையில் போட்டார். கோபத்தில் இருந்தவருக்கு வேலை சுறுசுறுப்பாக நடந்தது. உச்சி வெயிலுக்குள் குளம் தெளிந்துவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு குப்பைக் குழிக்கு நடந்தார்.

"அங்க வேண்டாம். தண்ணி ஓரமாக் கொட்டுங்க."

"அழுக்குதானே, சாமி?"

"கொட்டிட்டு உட்காருங்க."

கொட்டினார். குவியலுக்கும் குளத்துக்கும் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்தார். பாசியிலிருந்து தண்ணீர் வடிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு குவியலின் அடியில் ஏதோ அசைந்தது. ஒரு நத்தை வெளியே வந்தது. அதன் பின்னால் மண் நிறத்தில் ஆறு கால் பூச்சி ஒன்று.

"தட்டான்பூச்சியோட குஞ்சு," என்றார் குரு. "இறக்கை முளைக்கற வரைக்கும் அதுக்குத் தண்ணிதான் வீடு."

அடுத்து நீர்வண்டு. இன்னும் இரண்டு குஞ்சுகள். எல்லாம் குளத்தைப் பார்த்தே நடந்தன. மாசிலாமணி ஒரு குஞ்சைக் குச்சியால் திருப்பி வைத்தார். அது திரும்பிக்கொண்டது. எடுத்துக் குவியலுக்கு அந்தப் பக்கம் விட்டார். அது குவியலைச் சுற்றிக்கொண்டு வந்து தண்ணீரில் இறங்கியது.

மாசிலாமணி குச்சியைக் கீழே வைத்தார்.

"இதுக்கு யாரு சாமி வழி சொன்னது?"

குரு குவியலைக் காட்டினார்.

வந்துகொண்டே இருந்தன. நாற்பது வரைக்கும் எண்ணியவர் எண்ணுவதை விட்டுவிட்டார்.

"இவ்வளவும் இதுக்குள்ளயா இருந்துச்சு?"

"நீங்கதானே குழிக்குத் தூக்கிட்டுப் போனீங்க."

மாசிலாமணி குவியலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அப்பா செத்த அன்னிக்கு அண்ணன் பஸ் ஸ்டாண்டுல எனக்காக ஒரு ஆளை நிறுத்தி வெச்சிருந்தான், சாமி. அந்த ஆளு மூணு பஸ் பார்த்திருக்கான். நான்தான் நாலாவது பஸ்ல வந்தேன். மழை வேற இருட்டிக்கிட்டு வந்துச்சாம். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் நான் சொன்னதில்லை."

குரு குவியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. வாசலில் யாரோ செருப்பை மாட்டும் சத்தம்.

மாசிலாமணி கூடையை இழுத்துக்கொண்டார். "எல்லாம் இறங்கிருச்சு, சாமி. குழியில போட்டுடலாமா?"

குரு குனிந்து பார்த்தார். மாசிலாமணியின் கணுக்கால் ஓரத்தில் ஒரு குஞ்சு, போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார். "நீங்க காலை எடுக்கணும், பெரியவரே."