பாதி உதட்டுச் சாயம்

மாஸ்டர் கஜபதி மேக்கப் பெட்டியை 'டப்'பென்று மூடும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த அந்த ஸ்டூடியோவில், பழைய சினிமா பாணியில் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படங்கள் எடுப்பார்கள். அன்று மணப்பெண்ணின் உதட்டுக்கு அடர்சிவப்பு தீட்டச் சொன்னார் மாஸ்டர்.

"படத்துல கறுப்பா விழும் மாஸ்டர். இளஞ்சிவப்பு போதும்," என்றாள் பயிற்சிக்கு வந்திருந்த பூங்கோதை.

"மூணு மாசத்துல எனக்கே பாடமா? நிரூபிச்சுக் காட்டு. இல்லன்னா நாளைக்கு வராதே."

பூங்கோதை தன் உதட்டின் ஒரு பாதியில் அவருடைய சிவப்பையும் மறுபாதியில் இளஞ்சிவப்பையும் பூசிக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தாள். படத்தில் சிவப்புப் பாதி கன்னங்கரேலென்று இருந்தது.

மணப்பெண் சிரித்துவிட்டாள். "என்னக்கா, நாவல்பழம் தின்னீங்களா?"

"மாஸ்டர் குடுத்த பழம்மா. மீதியை உங்களுக்குத்தான் வெச்சிருக்காரு."

அப்போதுதான் மாஸ்டர் பெட்டியை மூடினார். அதன்பின் மணப்பெண்கள் எல்லாம் பூங்கோதையிடம் போக, ஓய்வு பெறும்வரை கஜபதி அங்கே மாப்பிள்ளைகளுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்.