ஜமீந்தார் பிரித்த குடிசைகள்

காற்றுக்கு ஓயவே தெரியாத தீவு அது. ஆனி மாதத்தில் அங்கே வந்திறங்கிய ஜமீந்தாரின் தலைப்பாகை, தென்கரையில் மூன்று தடவை பறந்துபோனது.

"வருஷம் முழுக்க விளக்கு அசையாமல் எரியும் கரை எனக்கு வேணும். இன்றைக்கே காட்டு! இல்லாவிட்டால் உங்கள் குடிசைகளைப் பிரித்துவிடுவேன்" என்று அந்தக் கரையில் தன் குடிசை வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த சந்தியாயியிடம் உறுமினார்.

"பிரிச்சிடுங்க எசமான். பிரிச்சதைத் தூக்கிட்டு வந்தா கரையைக் காட்டுறேன்" என்றாள் அவள்.

சேவகர்கள் பிரித்தார்கள். ஓலையும் கம்புமாகத் தலையில் சுமந்து, தாழம்புதர் தாண்டி, மணல்மேடு ஏறி, அவள் பின்னால் வடகரையில் இறங்கினார்கள். அங்கே கடல் பால் ஊற்றிவைத்ததுபோல் கிடந்தது. ஏற்றிய விளக்கின் சுடர் எழுதிவைத்த சித்திரம்போல் நின்றது.

ஜமீந்தார் கிறங்கிப்போனார். "வருஷம் முழுக்க இப்படித்தானா?"

"ஐப்பசியில வாடைக்காத்து இந்தப் பக்கம் அடிக்கும். அப்ப தென்கரை தூங்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை நாங்களே குடிசையைப் பிரிச்சுச் சுமந்துக்கிட்டு, தூங்குற கரைக்குப் போயிடுவோம். இந்தத் தடவை உங்க ஆளுங்க சுமந்துட்டாங்க" என்றாள் சந்தியாயி. "ஐப்பசி பிறந்ததும் மறக்காம அனுப்பிவைங்க எசமான்."