செவலையின் மௌனம்

மௌனத்துக்குப் பேர்போன ஆசிரமம் அது. தியான மணி அடித்துவிட்டால் தும்முவதற்குக்கூட அங்கே யோசிப்பார்கள். வாயை மூடத் தெரியாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செவலை என்கிற நாய்.

செவலை ஞானப்பிரகாசத்தின் நாய். மனைவி இறந்தபின் சீடராக வந்து சேர்ந்தவர், அதையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே சொந்தம் அதுதான். தியான நேரம் பார்த்துத்தான் அது முனகும். மற்ற சீடர்களுக்குப் பொறுமை போய்விட்டது. பௌர்ணமிக்குள் முனகல் நிற்காவிட்டால் நாயைப் பால்காரரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் ஞானப்பிரகாசம் குருவிடம் ஓடிவந்தார். குரு அரங்கநாயகி அம்மா அவரைவிட வயதில் இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, செவலை மௌனம் பழகிடுச்சு!”

“அப்படியா! எப்படி?”

“முன்னெல்லாம் முனகினா பிஸ்கட் போடுவேன். அதனாலதான் இன்னும் முனகுதுன்னு சொன்னாங்க. அதிலேருந்து அது முனகினா சுவரைப் பாத்துத் திரும்பி உக்காந்துடுவேன். முதல்ல விடாம முனகுச்சு. அப்புறம் குறைஞ்சுது. இப்போ சத்தமே இல்லை. தியானத்துல இருக்கிற மாதிரியே படுத்திருக்கு.”

அவர் முகத்தில் அத்தனை பெருமை. தனக்கே இன்னும் கைகூடாதது நாய்க்குக் கைகூடிவிட்டதே என்கிற பெருமை.

குரு கீரையை ஒதுக்கி வைத்தார்.

“வாங்க, பாக்கலாம்.”

செவலை தூணோரம் படுத்திருந்தது. குரு பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகைத் தடவினார். பிறகு முன்னங்காலை மெல்லத் தூக்கினார். விரல்களுக்கு நடுவே முள் ஏறிச் சீழ் பிடித்து, பாதமே வீங்கியிருந்தது. தொட்டதும் நாயின் உடம்பு நடுங்கியது. வாயைத் திறந்தது. ஞானப்பிரகாசத்தைப் பார்த்தது. சத்தம் போடாமல் வாயை மூடிக்கொண்டது.

ஞானப்பிரகாசம் பதறி நாயின் பக்கத்தில் மண்டியிட்டார்.

“எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது.”

“வாசலைப் பாத்து முனகினா எதுக்கு?” என்று கேட்டார் குரு.

“வெளியே போகணும்னு.”

“உங்க கையைப் பாத்து முனகினா?”

“பிஸ்கட்டுக்கு.”

“காலை நக்கிக்கிட்டே முனகினா?”

“நான்தான் திரும்பியே பாக்கலையே” என்றார்.

குரு தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் புண்ணை மெதுவாகக் கழுவினார். ஒரு பழந்துணியைக் கிழித்துச் சுற்றினார்.

“ஆட்டோ பிடிச்சு மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. முள்ளை அவங்க எடுக்கட்டும்.”

ஞானப்பிரகாசம் நாயை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டார். அது மறுப்புச் சொல்லாமல் தொங்கியது. வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

“கால் சரியானதும் மறுபடியும் முனக ஆரம்பிச்சா? இவங்க வெளியே அனுப்பிடுவாங்களேம்மா.”

“அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்” என்றார் குரு. “முனகுமான்னுதான் எனக்குக் கவலை. உங்களை நம்பி அது இன்னொரு தடவை முனகணுமே.”