கடல்நாய்க்கு ஊற்றிய தண்ணீர்

அந்தக் காலத்தில், வடகடலின் கோடியாக் தீவில், மனிதர்களும் கடல்நாய்களும் ஒரே மொழிதான் பேசினார்கள். பசித்த வீட்டாரின் படகைத் தேடிக் கடல்நாய் தானே வந்து உடம்பைக் கொடுக்கும். இறைச்சி, தோல், விளக்கு எரிக்கும் எண்ணெய் எல்லாம் அதனிடமிருந்துதான். உப்பிலேயே கிடக்கும் அதற்குத் தாகம் அடங்குவதே இல்லை. அதனால் உயிர் பிரியுமுன் அந்த வீட்டுப் பெண் "தாங்ஙக்" என்று சொல்லி ஒரு வாய் நல்ல தண்ணீர் ஊற்றவேண்டும். தண்ணீருக்கு அந்தத் தீவின் சொல் அது. பதிலுக்கு, பனிமூட்டத்தில் திசை தெரியாத படகுகளைக் கடல்நாய்கள் குரல் கொடுத்துக் கரைசேர்க்கும்.

கியாக் என்பவளுக்கு ஒரு குளிர்காலம் பொல்லாததாக வாய்த்தது. ஓடை உறைந்துவிட்டது. மகளுக்கோ காய்ச்சல் கொதித்தது. விளக்கில் மிச்சமிருந்த எண்ணெயை எரித்துப் பனியை உருக்கினாள். ஒரு கிண்ணம் தேறியதும் விளக்கு அணைந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா அவள் கணவன் அங்குன் கடல்நாயோடு வரவேண்டும்!

"கியாக், சீக்கிரம் தண்ணி கொண்டா! உயிர் போயிட்டிருக்கு!"

குழந்தை உதடு வெடித்துக் கிடந்தது. பெற்ற மனம் கேட்குமா? இருந்ததை அதற்கே புகட்டினாள். வெறுங்கையோடு போகக் கூசி, கிண்ணத்தைக் கடலில் முக்கினாள். அங்குன் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை. "தாங்ஙக்" என்று சொல்லி ஊற்றினாள்.

கடல்நாய் அவளை ஏறிட்டுப் பார்த்தது. "பிள்ளைக்குக் கொடுத்துட்டேன்னு சொல்லியிருந்தா, தாகத்தோடவே போயிருப்பேனே. உப்பை ஊத்திட்டு அந்தப் பேரைச் சொன்னியே, பொண்ணே. இனி உங்ககிட்ட எங்களுக்கு என்ன பேச்சு?" அத்தோடு அதன் உயிர் பிரிந்தது.

கியாக் இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் அங்குன் மறுபடி கடலுக்குப் போயிருக்கமாட்டான். மகள் பிழைத்து எழுந்தாள். அவன் போன அன்று பனிமூட்டம் கவிந்தது.

"கரை எந்தப் பக்கம்? யாராச்சும் சொல்லுங்களேன்!" அவன் குரல் கரைவரை கேட்டது. கியாக் தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்க்காற்று அதை அவனிடம் கொண்டுபோகவில்லை. அவளுக்கு எதிரே கடல்நாய்கள் தலை தூக்கின.

"தப்புப் பண்ணது நான். அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு குரல் கொடுங்க!"

அவை அவளைப் பார்த்தன, ஒவ்வொன்றாக மூழ்கின. அங்குனின் குரல் தேய்ந்து, பிறகு கேட்கவே இல்லை. பொய் சொன்ன தன் வாயே அவனைக் கொன்றது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அன்று முதல்தான், எத்தனை தலைமுறை நல்ல தண்ணீரே ஊற்றியும், கடல்நாய் தலை தூக்கி மனிதனைப் பார்க்கிறது; ஒரு வார்த்தை பேசாமல் மூழ்கிவிடுகிறது.