சீனியம்மா இடிச்ச சுவரு

ஒரு ஊர்ல ஒரு ஊருணி இருந்துச்சு. ஊருணின்னா ஊரே தண்ணி எடுக்கிற குளம். ஆனா இந்த ஊருணியில தண்ணி இல்ல, குப்பைதான் இருந்துச்சு. பிஞ்ச மெத்தை, கோழி இறகு, ஒத்தச் செருப்பு. ஒத்தச் செருப்பைப் போடுறதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம் நடந்து வந்தாங்களோ, இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

"ம்."

அந்த ஊருணிக்கு எதுத்தாப்புல சீனியம்மான்னு ஒருத்தி. இட்லி மாவு ஆட்டி விக்கிறவ. மாவுக்குத் தண்ணி வேணும்ல? அவ வாசல்ல ஒரு அடிபம்பு. அடிச்சா கிரீச் கிரீச்சுனு சத்தம்தான் வரும், தண்ணி வராது. ஊருணி காஞ்சா பம்பும் காயும்ல. லாரி தண்ணி வந்தா மாவு, வரலேன்னா கிரைண்டரு சும்மா கிடக்கும். இன்னும் ஒரு கோடை இப்படிப் போச்சுன்னா, கடையை மூடிட்டு மக வீட்டு வாசல்ல போய் நிக்க வேண்டியதுதான்னு அவளுக்குப் பயம்.

அப்போ ஒரு நாள் அவளுக்கு ஆங்காரம் வந்துச்சு. வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டுனா, டொக் டொக். "ஞாயித்துக்கிழமை காலைல ஊருணிக்கு வாங்க. கூடை கொண்டு வாங்க, மம்பட்டி கொண்டு வாங்க, சாக்குப்போக்கை மட்டும் வீட்லயே வச்சுட்டு வாங்க!"

மொத ஞாயிறு மூணு பேரு வந்தாங்க. ரெண்டாவது ஞாயிறு முப்பது பேரு. மூணாவது ஞாயிறு பார்த்தா, ஊரே நிக்குது! சதக் சதக்குனு கருவேல முள்ளை வெட்டுனாங்க. சரட் சரட்டுனு குப்பையை இழுத்தாங்க. பழைய தபால்காரர் அருளப்பனுக்கு முட்டி வலி, குனிய முடியாது. அவரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து, பாட்டிலைத் தனியா பையைத் தனியாப் பிரிச்சாரு. அடியில பழைய கல்லுப் படிக்கட்டு தெரிஞ்சப்போ எல்லாரும் கைதட்டுனாங்க பாரு, எனக்குச் சொல்லும்போதே நெஞ்சு நிமிருது.

"அப்புறம்?"

அப்புறம், திரும்பவும் குப்பையைக் கொட்டிருவாங்களேன்னு சுத்திவரச் சுவரு கட்டுனாங்க. நம்ம ஆளுங்க கோயிலுக்கு ஒரு டியூப்லைட்டு குடுத்தாலே அதுமேல உபயம்னு பேரு எழுதுறவங்க, சுவரை விடுவாங்களா? வேலை செஞ்ச எல்லார் பேரையும் அருளப்பன் செவப்புப் பெயின்ட்டுல எழுதுனாரு. மொதப் பேரு சீனியம்மா. ரேஷன் கார்டைத் தவிர வேற எங்கயும் அவ தன் பேரைப் பார்த்ததில்ல. தெனமும் காலைல வந்து விரலால தடவிப் பார்த்துட்டுத்தான் மாவு ஆட்டப் போவா.

அப்போ மழை வந்துச்சு, சோ...ன்னு. விட்டதும் எட்டிப் பார்த்தா, ஊருணியில ஈரம்தான் இருக்கு. "காஞ்ச மண்ணுல்ல, குடிச்சிருச்சு"ன்னாங்க. ரெண்டாவது மழையும் வந்துச்சு. கணுக்கால் தண்ணிகூட நிக்கல. "மழை பத்தல"ன்னாங்க. மூணாவது மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. மலைப்பக்கத்துல இருந்து தண்ணி தடதடன்னு வந்து, தெருவுல திரும்பி, நேரா சீனியம்மா வீட்டுக்குள்ள! அரிசிப் பானை மிதக்குது. ஊருணியோ காலி.

"ஐயோ!"

ஐயோதான். சீனியம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, சளக் சளக்குனு தண்ணி வந்த வழியே நடந்து போனா. போய்ப் பார்த்தா, தண்ணி சுவருல முட்டி முட்டித் திரும்புது. முட்டுற எடத்துல அவ பேரு! மலைத்தண்ணி ஊருணிக்குள்ள வர்றதுக்குப் பழைய வாய்க்காலு ஒண்ணு இருந்திருக்கு. பல வருசமா தண்ணி வராம மேடாப்போனதால ஊரே அதை மறந்துபோச்சு, அது வாயிலயே சுவரைக் கட்டிட்டாங்க. குப்பையும் உள்ள போகாது, தண்ணியும் உள்ள போகாது. எப்படி நம்ம சாமர்த்தியம்?

ஊரு கூடிருச்சு. கடப்பாரை வந்துருச்சு. ஆனா இடிக்க யாருக்கும் கை வரல. "மொதப் பேரும்மா அது. வேற பக்கம் இடிப்போமா?"ன்னாரு அருளப்பன்.

சீனியம்மாவுக்கும் மனசு வரலதான். ஒரு தடவை விரலால தடவுனா. கண்ணைத் தொடச்சா. "எம்பேரைப் பார்த்துட்டுத் தண்ணி மரியாதையாச் சுத்திப் போகுமா அண்ணே? அதுக்குப் படிக்கத் தெரியாது. குடுங்க கடப்பாரையை."

ணங்! 'சீ' போச்சு. ணங்! 'னி' போச்சு. ணங்! மிச்சம் மொத்தமும் பொலபொலன்னு விழுந்துச்சு. தண்ணி கொடகொடன்னு உள்ள பாய, சாயங்காலத்துக்குள்ள ஏழு படி முங்கிருச்சு.

ஒரு மாசம் கழிச்சு அவ பம்பை அடிச்சா. கிரீச்... கிரீச்... பிசுக்... சலார்! தண்ணி! அங்கயே உக்காந்து சிரிச்சா, அழுதா, முகத்தைக் கழுவுனா, மறுபடி அழுதா.

அருளப்பன் பெயின்ட்டு டப்பாவோட வந்தாரு. "உம்பேரை மறுபடி எங்க எழுதட்டும்மா?"

"எம்பேரு வேணாம்ணே. வருசா வருசம் மழைக்கு முன்னாடி இந்த வாய்க்காலைத் தூர்வாரணும். வீட்டுக்கு ஒரு ஆளு. பேரை நான் கூப்பிடுறேன்."

இப்பவும் கூப்பிடுவா. மேட்டுல நின்னு அவ கூப்பிட்டா மூணு தெருவுக்குக் கேக்கும். வராத வீட்டை அவ கேக்குற கேள்வி ஏழு தெருவுக்குக் கேக்கும்.

"நம்ம வீட்டைக் கூப்பிடுவாங்களா அத்தை?"

பின்னே? போன வருசம் உங்கப்பன் போனான். விடிஞ்சா ஞாயித்துக்கிழமை, தூர்வாருற நாளு. இந்தத் தடவை உங்க வீட்ல யாருன்னு சீனியம்மா கேட்டாளாம். எம்மக கவினிதான்னு உங்கப்பன் நெஞ்சை நிமித்திச் சொல்லிட்டு வந்திருக்கான். அவ கூப்பிட்டதும் 'வந்திருக்கேன்'னு கத்தணும். சத்தமா, என்ன?

"ம்... வந்திருக்கேன்..."

இப்ப இல்லடி, காலைல. கதை ஊருணிக்குப் போயிருச்சு, நீ தூக்கத்துக்குப் போ.